அத்தியாயம் 5: மாணவர் நடத்தட்டும்

கல்லூரி ஊழியத்துக்கு வரும் பலர் சபையில் பழகியவர்கள். சபையில் ஒருவர் வாலிபர் சங்கத்தில் சேர்ந்து, பாடகர் குழுவில் நின்று, ஞாயிறு பள்ளி நடத்தி, நாற்பது வயதுக்கு மேல் கமிட்டிக்கு வருவார். அவரைப் பக்குவப்படுத்த சபைக்கு இருபது ஆண்டு கிடைக்கிறது. கல்லூரியில் அந்த அவகாசம் கிடையாது. கலை அறிவியல் பட்டப்படிப்பு 3 ஆண்டு, பொறியியல் 4 ஆண்டு. முதல் செமஸ்டர் விடுதிச் சாப்பாட்டுக்கும் ஆங்கில வகுப்புக்கும் பழகுவதிலேயே கழிந்துவிடும். கடைசி செமஸ்டரை புராஜெக்டும் கேம்பஸ் இன்டர்வியூவும் எடுத்துக்கொள்ளும். நடுவில் மிஞ்சுவது இரண்டு ஆண்டு, போனால் மூன்று. ஒவ்வொரு மே மாதமும் ஐக்கியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறுகிறார்கள்; வெளியேறுவோர் எப்போதும் அனுபவம் மிக்கவர்கள். இந்தக் கணக்கை மனதில் வாங்காத ஊழியர் போதகரைப் போலவே எல்லாவற்றையும் தாமே செய்வார். பாட்டைத் தொடங்குவதும் அவர், செய்தி கொடுப்பதும் அவர், முடிவு ஜெபமும் அவர். முதலாண்டில் நல்ல கூட்டம் சேரும். மூன்றாம் ஆண்டிலும் கூட்டம் இருக்கும், நடத்தத்தான் ஆள் இருக்காது. ஊழியர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டால் அந்தக் கூட்டமும் கலைந்துவிடும். ஆகவே கல்லூரி ஐக்கியத்தை மாணவர்களே நடத்த வேண்டும், அவர்களை ஆயத்தப்படுத்தி ஒதுங்கி நிற்பதே ஊழியரின் முதல் வேலை என்பதை இந்த அத்தியாயம் வலியுறுத்துகிறது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் உபாயமாக இதைச் சொல்லவில்லை. ஊழியர்கள் பத்துப் பேர் இருந்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

மாணவரால் இது முடியுமா என்ற கேள்விக்கு வரலாறு தெளிவாகவே விடை தருகிறது. 1806 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் வயல்வெளியில் ஜெபிக்கப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது, ஒரு வைக்கோல் போரின் ஓரத்தில் ஒதுங்கி ஜெபத்தைத் தொடர்ந்தார்கள். அவர்களைக் கூட்டிச் சென்ற பேராசிரியர் எவருமில்லை, போதகரும் இல்லை. அந்த ஜெபத்திலிருந்து வளர்ந்த முயற்சியால் 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் உருவானது. ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1822இல் அங்கேயே இறந்தார். அதே மிஷன்தான் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. 1834இல் மதுரைக்கு வந்தது. பின்னாளில் மதுரையில் அமெரிக்கன் கல்லூரியையும் நிறுவியது. இன்று மதுரையில் மாணவர் ஊழியம் செய்பவர் மிதிக்கும் மண்ணுக்கும் அந்த வயல்வெளிக்கும் நேர்த்தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1877இல் தங்கள் கிறிஸ்தவ ஐக்கியத்தைத் தாங்களே அமைத்தார்கள். 1886இல் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் நடந்த மாணவர் மாநாட்டின் முடிவில் நூறு மாணவர்கள் மிஷனரிப் பணிக்கு முன்வந்தார்கள். மாணவர் தன்னார்வ இயக்கம் அங்கிருந்து பரவியது. அந்த நூறு பேரில் ஒருவரான ஜான் மாட் 1895இல் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தை அமைப்பதில் முன்னின்றார். நம் நாட்டில் 1954இல் தொடங்கிய யூ.ஈ.எஸ்.ஐ. மாணவர் இயக்கமும் மாணவரே முன்முயற்சி எடுக்க வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டது. படிப்பை முடித்தவர்கள் தனிப் பட்டதாரி ஐக்கியமாகத் துணை நிற்பார்கள். கல்லூரிக்குள் நடத்துவோர் மாணவர்களே.

இந்தச் சான்றுக்கு ஒரு வரம்பு உண்டு. தழைத்த முயற்சிகளின் கதையே நம் கைக்கு வந்திருக்கிறது. மாணவர்கள் ஆர்வமாகத் தொடங்கி அடுத்த ஆண்டே அற்றுப்போன ஜெபக் குழுக்களை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே வரலாறு காட்டுவது மாணவரால் முடியும் என்பதை மட்டுமே. அவர்களே நடத்த வேண்டும் என்பதற்கான காரணத்தை இன்றைய கல்லூரியின் அமைப்பில்தான் தேட வேண்டும்.

முதல் காரணம் வாசல். பெரும்பாலான கல்லூரிகளில் அடையாள அட்டை இல்லாதவரைக் காவலாளி உள்ளே விடமாட்டார். விடுதி இன்னும் கடினம். அனுமதி வாங்கி மாதம் ஒருமுறை போகும் ஊழியர் ஒரு மணி நேரம் இருப்பார். உள் மதிப்பெண் குறைந்த இரவில், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த இரவில், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சக மாணவர்தான். விசுவாசம் என்பது வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்பதை வகுப்பு நண்பர்கள் மேடைப் பேச்சில் பார்ப்பதில்லை. ரெக்கார்ட் நோட்டைக் காப்பியடிக்கக் கேட்டால் இவன் என்ன செய்கிறான், கேன்டீனில் பணம் கொடுக்கும்போது எப்படி நடந்துகொள்கிறான் என்பதில் பார்க்கிறார்கள். இரண்டாவது காரணம் நேரம். ஊரிலிருந்து வரும் மாணவர்களைக் கல்லூரிப் பேருந்து மாலை நான்கு மணி வாக்கில் ஏற்றிக்கொண்டு போய்விடும். விடுதி மாணவிகள் மாலை குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். ஊழியருக்கு வசதியான மாலை ஆறு மணிக் கூட்டம் இந்த இரு சாராரையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. மதிய உணவு இடைவேளையில் இருபத்தைந்து நிமிடம், மரத்தடியில், ஏழெட்டுப் பேர் என்ற ஏற்பாட்டை வெளியிலிருந்து வருபவரால் வாரா வாரம் நடத்த முடியாது. உள்ளே இருப்பவரால் முடியும்.

மூன்றாவது காரணத்தைப் பேசப் பலர் தயங்குவார்கள். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இந்தச் சூழலில் நண்பர்கள் தாமாகக் கூடி வேதம் வாசிப்பதும், வெளியாள் வந்து கூட்டம் போடுவதும் நிர்வாகத்தின் பார்வைக்கு ஒன்றாகத் தெரியாது. இதை மறைவாக இயங்குவதற்கான வழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிறிஸ்தவ நிர்வாகம் நடத்தும் கல்லூரியானாலும் வேறு எவர் நடத்தும் கல்லூரியானாலும், இடத்துக்கு முதல்வரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ மாணவர்களே எழுத்தில் அனுமதி கேட்கட்டும். மறுத்தால் வளாகத்துக்கு வெளியே, பக்கத்துச் சபையிலோ ஒரு பட்டதாரியின் வீட்டிலோ கூடட்டும். பழைய வினாத்தாள், டியூஷன், கட்டண உதவி எதையும் கூட்டத்துக்கு வருவதோடு முடிச்சுப் போடாதீர்கள். உதவி செய்வதென்றால் வராதவருக்கும் செய்யுங்கள். ஒருவர் போதும் என்று சொன்னால் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தக் கற்றுக்கொடுப்பதும் பயிற்சியின் பகுதிதான்.

அப்படியானால் ஊழியருக்கு என்ன வேலை? மிகுதியான வேலை இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலை. வேத ஆராய்ச்சியை எடுத்துக்கொள்வோம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். ஒரு செமஸ்டரின் வகுப்பு வாரங்களும் ஏறத்தாழ அவ்வளவே. விடுமுறையும் தேர்வும் குறுக்கிடும் என்பதால் பத்துப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். வாரந்தோறும் நடத்தப்போகும் மாணவருடன் இரண்டு நாள் முன்பே உட்காருங்கள். பகுதி என்ன சொல்கிறது, அதன் பொருள் என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன என்ற வரிசையில் அவரே கேள்விகளை எழுதட்டும். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளை மட்டும் நீங்கள் அடித்துவிடுங்கள். அத்தோடு உங்கள் பங்கு முடிந்தது. கூட்டத்தன்று போக வாய்த்தாலும் ஓரத்தில் உட்காருங்கள். கேள்விக்குப் பின் வரும் மௌனம் ஊழியருக்குத்தான் தாங்காது; வாயைத் திறந்து விளக்கம் கொடுக்கத் தோன்றும். அரை நிமிடம் பொறுத்தால் யாராவது ஒரு முதலாண்டு மாணவர் பேசுவார். நீங்கள் பேசிவிட்டால் அடுத்த வாரம் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். பிரசங்கம் செய்வது இதைவிட எளிது, அதனால்தான் பலரும் பிரசங்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

மொழியையும் மாணவர்களே தீர்மானிக்கட்டும். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இந்த எண்ணிக்கையில் ஏராளம். ஆங்கிலப் பாட்டும் கிட்டாருமாக நடக்கும் ஐக்கியத்தில் இவர்கள் பின்வரிசையில் நின்றுவிட்டு, மறுவாரம் வராமல் போவார்கள். நகரத்து சபைகளிலிருந்து வரும் ஊழியர்கள் இதைக் கவனிப்பதேயில்லை.

எதிர்ப்புகளில் முதலாவது, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் உபதேசத்தை ஒப்படைக்கலாமா என்பது. நியாயமான கேள்வி. பவுலின் நடைமுறையைப் பாருங்கள். லீஸ்திரா, இக்கோனியா, அந்தியோகியா ஆகிய ஊர்களில் சபைகள் உருவான அதே பயணத்தில், திரும்பி வரும் வழியிலேயே மூப்பர்களை ஏற்படுத்தினார். தெசலோனிக்கேயின் ஜெப ஆலயத்தில் அவர் பேசியதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வது மூன்று ஓய்வுநாட்கள். ரோலண்ட் ஆலன் 1912இல் வெளியிட்ட, பவுலின் மிஷனரி முறைகளைப் பற்றிய நூலில் இதைத்தான் முன்வைத்து, மிஷன்கள் காலமெல்லாம் பிடியை விடாமல் இருப்பதைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஆனால் இந்தச் சான்றை ஒரேயடியாக இழுக்கவும் கூடாது. எபேசுவில் பவுல் மூன்றாண்டு தங்கினார், திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டாண்டு நாள்தோறும் போதித்தார். விட்டுப்போன ஊர்களுக்குக் கடிதம் எழுதினார், ஆள் அனுப்பினார். ஒப்படைத்துவிட்டுக் கைகழுவியவர் அல்ல அவர். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்: பொறுப்பு சீக்கிரம் கைமாறுகிறது, உறவு நீடிக்கிறது.

மாணவர் தலைமை பிளவுக்கு வழி என்றும் சொல்வார்கள். 1910இல் கேம்பிரிட்ஜ் ஐக்கியம் உபதேச வேறுபாட்டால் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பிரிந்தது உண்மை. அந்தப் பிரிவை இன்றும் இரு தரப்பும் இரு விதமாகவே எழுதுகின்றன. எனினும் அங்கே மாணவர்கள் சண்டையிட்டது பதவிக்காக அல்ல. கிறிஸ்துவின் மரணத்தையும் வேதத்தின் அதிகாரத்தையும் பற்றி அவர்கள் ஆழமாகக் கவலைப்பட்டார்கள். உபதேசத்தில் அக்கறையற்ற மாணவர்கள் என்று அவர்களை யாரும் குற்றம்சாட்ட முடியாது. நம் ஊரில் தவறான போதனை ஐக்கியத்துக்குள் நுழையும் வழியை நிதானமாகப் பார்த்தால், இரண்டாமாண்டு மாணவர் நடத்தும் வேத ஆராய்ச்சியை விடக் கைபேசியில் ஓடும் தீர்க்கதரிசனக் காணொளிகளே பெரிய வாசல். எட்டுப் பேர் ஒரே பகுதியைத் திறந்து வைத்திருக்கும்போது ஒருவர் தப்பாகச் சொன்னால் இன்னொருவர் எந்த வசனத்தில் இருக்கிறது என்று கேட்பார். மேடையில் ஒலிபெருக்கியுடன் நிற்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

ஆனால் சில பொறுப்புகளை மாணவர் தலையில் கட்டக் கூடாது. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னால், அதை ஜெபக் குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுவது கொடுமை. நிகழ்ந்த அன்றே உங்களுக்குச் சொல்ல வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது, கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கொண்டுசேர்க்க வேண்டும் என்பதைச் செயற்குழுவுக்கு ஆண்டின் முதல் வாரத்திலேயே சொல்லிவையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எல்லோர் கைபேசியிலும் இருக்கட்டும். ஜெபமும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. முதலாண்டு மாணவர் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது என்பதை மறக்காதீர்கள். அவர்கள் விஷயத்தில் போக்சோ சட்டம் பொருந்தும். மாணவியரைச் சந்திக்கும் ஆண் ஊழியர், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்திக்கட்டும். முகாமுக்கு அழைத்துப்போகப் பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் இருக்கட்டும். ஊழியரைப் பற்றியே புகார் எழுந்தால் மாணவர்கள் யாரிடம் போக வேண்டும் என்பதும் அவர்களுக்கு முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் உங்கள் நண்பராகவோ உறவினராகவோ இருக்கக் கூடாது.

அடுத்த எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து வரும்: படிப்பு கெட்டுப்போகும். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் வீட்டில் இந்தக் கவலையை விசுவாசக் குறைவு என்று பேசுவது பொறுப்பற்றது. மாணவர் நடத்தும் ஐக்கியத்தில் சுமை சிலர் மேல் விழும், மதிப்பெண் குறையலாம். எனவே நிகழ்ச்சிகளைக் குறைப்பதே வழி. வாரம் ஒரு வேத ஆராய்ச்சி, ஒரு சிறு ஜெபக் கூடுகை, செமஸ்டருக்கு ஒருமுறை ஒருநாள் கூட்டம். இதற்கு மேல் எதையும் சேர்க்கும்போது இருப்பதில் ஒன்றை நீக்குங்கள். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களும் தேர்வு நாட்களும் எல்லாம் நிற்கட்டும். அரியர் குவிந்திருப்பவரைப் பொறுப்பில் வைப்பது அவருக்கும் நல்லதல்ல, சாட்சிக்கும் நல்லதல்ல. ஓர் ஆண்டு கழித்துப் பொறுப்பைக் கொடுங்கள். வேதநாயகம் சாமுவேல் அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெறாமலே வெளியேறிப் பேராயர் ஆனவர்தான். ஆனால் அந்த உதாரணத்தை அரியர் வைத்திருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அசரியாவை வேறொரு காரியத்துக்காக நினைக்க வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அவர் 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலராக வாலிபரிடையே உழைத்தார். 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910 எடின்பரோ மிஷனரி மாநாட்டில், மிஷனரிகள் இந்தியருக்குப் பணத்தையும் உழைப்பையும் தந்தார்கள், இனி நட்பையும் தர வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியது அரங்கைச் சங்கடப்படுத்தியது. அன்று வெள்ளையருக்குச் சொன்னது இன்று நமக்கும் பொருந்துகிறது. அண்ணன், அக்கா என்று மாணவர்கள் அழைக்கும் ஊழியர், கருத்து வேறுபட்டவுடன் சபை மூப்பர் குரலுக்கு மாறிவிடுகிறார். பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இது கூர்மையாகத் தெரியும். நமக்குப் பிடித்த, நம் சபையைச் சேர்ந்த, நம் சாதியைச் சேர்ந்த பையனை நாம் அறியாமலே முன்னே தள்ளுவோம். தமிழகக் கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று பேசுவோர் கல்யாணப் பேச்சு வரும்வரைதான் அப்படிப் பேசுவார்கள். ஐந்து பேர் செயற்குழு என்றால் அதில் எத்தனை ஊர், எத்தனை சபை, எத்தனை பின்னணி என்று எழுதிப் பாருங்கள். அனைவரும் ஒரே வட்டத்தினர் என்றால் தேர்வில் கோளாறு இருக்கிறது. மாணவிகளுக்குப் பாட்டும் பலகாரமும், மாணவருக்கு வேத ஆராய்ச்சியும் கணக்கும் என்ற பங்கீடு பல ஐக்கியங்களில் கேள்வியில்லாமல் நடக்கிறது. அதை மாற்றும் பொறுப்பை மாணவர்களிடம் விடாதீர்கள், நீங்களே தொடங்குங்கள்.

கைமாற்றத்துக்கு ஜனவரிதான் மாதம். ஏப்ரலில் பொறுப்பு கொடுத்தால், வாங்கியவர் தேர்வுக்கும் விடுமுறைக்கும் போய்விட்டு ஜூலையில் ஒன்றும் தெரியாமல் வந்து நிற்பார். ஜனவரியில் இரண்டாமாண்டினரைத் தெரிந்துகொண்டு, பழையவர்களோடு மூன்று மாதம் சேர்ந்தே நடத்தவிடுங்கள். பிப்ரவரியில் பழையவர் நடத்த புதியவர் உடனிருப்பார், மார்ச்சில் புதியவர் நடத்தப் பழையவர் உடனிருப்பார். தவறு நேரட்டும், பழையவர்கள் இன்னும் வளாகத்தில் இருக்கும்போது நேர்வது நல்லது. காணிக்கைக் கணக்கை இரண்டு கையெழுத்தோடு நோட்டில் எழுதி, புதியவர்கள் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். தொகை ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் இதில் தளர்வு வேண்டாம். வாராந்தரக் கூட்டச் செலவுக்கு வெளியிலிருந்து பணம் வாங்காதீர்கள். தேநீருக்கும் நகலுக்கும் மாணவர்களே போடும் சில்லறை போதாமல் போனால், தேநீர் இல்லாமல் கூடட்டும். பணம் தருபவர் நாளடைவில் நிகழ்ச்சியையும் தீர்மானிப்பார்.

கடைசி எதிர்ப்பு உங்களைத் தாங்கும் சபையிலிருந்து வரும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு ஏன் சம்பளம் என்று வெளிப்படையாகக் கேட்கமாட்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தீர்மானம் எடுத்தார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிடித்தமான பதில் கொடுக்கப் பெரிய கூட்டம் போட்டு, பிரபலமான பேச்சாளரைக் கொண்டுவந்து, கை உயர்த்தியவர்களை எண்ணும் ஆசை எந்த ஊழியருக்கும் வரும். பெரிய கூட்டத்தால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நடத்தத் தெரிந்த மாணவர் அடுத்த ஆண்டு இருக்கிறாரா என்பதை அந்த எண் காட்டாது. காலாண்டு அறிக்கையின் வடிவத்தை நீங்களே மாற்றி அனுப்புங்கள். இந்தக் காலாண்டில் முதன்முறையாக வேத ஆராய்ச்சி நடத்தியவர் எத்தனை பேர், உங்கள் துணையில்லாமல் நடந்த கூடுகைகள் எத்தனை, சென்ற மே மாதம் படிப்பு முடித்தவர்களில் வேலைக்குப் போன ஊரில் ஒரு சபையில் ஒன்றியிருப்பவர்கள் யார், விட்டுப்போனவர்கள் யார் என்று எழுதுங்கள். மூன்றாவது விவரத்தைச் சேகரிக்கத் தொலைபேசியில் பல மாலைகள் செலவாகும். சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்களில் பலர் முதல் மூன்று மாதத்திலேயே தொடர்பு அறுந்துபோவது அப்போதுதான் தெரியவரும். அவர்கள் போகும் ஊரில் உள்ள பட்டதாரி ஐக்கியத்துக்கோ சபைக்கோ ஏப்ரலிலேயே, அவர்கள் சம்மதத்தோடு, பெயரும் எண்ணும் அனுப்பி வையுங்கள். அறிக்கையின் முதல் பிரதியை வாசித்து சபைக் கமிட்டி முகம் சுளிக்கலாம். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு, வேத ஆராய்ச்சி நடத்தும் மாணவர் இருவரை அழைத்துப்போய் அவர்களையே பேசவிடுங்கள்.